வாசலைக் காட்டும் ரிவி

கேள்வி இதுதான்: திருகோணமலை உப்புவெளியில் கடற்பக்கம் பார்த்த கிழக்கு வாசல் வீடு. புதிய 55 அங்குல ரிவியை முன்கதவுக்கு நேரெதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். பகலில் ஓடும் படத்தின் மேல் கதவின் பிம்பமும் ஒழுங்கையின் பிம்பமும் படிகின்றன. பிறைட்னஸை 100 வரை ஏற்றிப் பார்த்தீர்கள்; இப்போது இரவிலும் கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரிகிறது. கிரிக்கெட்டில் பந்து மறைகிறது, பக்கக் கதிரையில் இருப்பவருக்கு நிறம் வெளிறுகிறது. இந்தக் கண்கூச்சம் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவதா, ரிவியையே மாற்றுவதா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொன்னவற்றில் ஒன்றுகூட ரிவி பழுதானதற்கு அடையாளம் இல்லை. பாதி அந்தச் சுவரின் குற்றம், மீதி செற்றிங்கின் குற்றம்.

முதலில் ரிவியை நிறுத்துங்கள். கூச்சம் அதிகமாக இருக்கும் நேரத்தில், வழக்கமாக இருக்கும் கதிரையில் இருந்து கறுத்த திரையைப் பாருங்கள். அதில் என்னென்ன தெரிகிறதோ அவைதான் படம் ஓடும்போதும் மேலே படியும். கதவு, பக்க யன்னல், ரியூப் லைற், சாமிப் படத்தின் கண்ணாடி, வெள்ளை ரைல்ஸ் தரையில் விழுந்த வெயில், கூரையில் போட்ட கண்ணாடி ஓடு என்று ஒவ்வொன்றையும் எண்ணுங்கள். ஒன்றை மறைத்துவிட்டு மறுபடி பாருங்கள். காலை 7 மணி, நண்பகல், பிற்பகல் 4 மணி என மூன்று தடவை இதைச் செய்தால் உங்கள் வீட்டின் வெளிச்சக் கணக்கு முழுவதும் கைக்கு வந்துவிடும். பலர் ஃபிலிமுக்குக் காசு கொடுத்த பிறகுதான் இதைச் செய்கிறார்கள்.

பிறைட்னஸை ஏற்றி ஏன் வெல்ல முடியவில்லை என்பதற்கு ஒரு கணக்கு. கிழக்கு வாசல் என்றால் காலையில் கடலும் தாழ்ந்த சூரியனும் கதவுக்குள் வரும். பிற்பகலில் சூரியன் வீட்டுக்குப் பின்னால் போய்விடும், ஆனால் ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து வெள்ளை மதிலில் வெயில் நேரே அடிக்கும். அப்படி வெயில் பட்ட வெள்ளை மதிலின் ஒளிர்வு 15,000 முதல் 20,000 நிற் (பிரகாசத்தின் அலகு) வரை இருக்கும். பூச்சு எதுவும் இல்லாத பளபளப்பான திரை தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 வீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆகவே உங்கள் கண்ணுக்கு வரும் மதிலின் பிம்பம் 600 முதல் 800 நிற். சாதாரண விலை ரிவி முழு வெள்ளையைக் காட்டும்போது தருவதோ 250 முதல் 350 நிற்தான். பிம்பம் படத்தைவிட இரண்டு மடங்கு பிரகாசமாக நிற்கிறது. ரிமோட்டில் எந்த இலக்கத்தை ஏற்றினாலும் இது மாறாது. வெளிச்சம் திரைக்கு வருவதைத் தடுக்க வேண்டும், அல்லது திரையைத் திருப்ப வேண்டும்.

இடம் மாற்ற முடியுமானால் அதுவே சிறந்த வழி, செலவும் குறைவு. வாசலுக்கு நேரெதிர்ச் சுவர் மிக மோசமான இடம். வாசல் இருக்கும் அதே சுவரும் நல்லதல்ல: பிரகாசமான கதவைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ரிவியைப் பார்த்தால் கண்மணி சுருங்கி, படம் இருண்டு தெரியும். உங்கள் வீட்டில் மிஞ்சுவது வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும். திருகோணமலை வட அகலாங்கு 8.6 பாகையில் இருப்பதால் நண்பகல் சூரியன் மார்கழியில் உச்சியிலிருந்து 32 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். ஆனியில் 15 பாகை வடக்கே போகும். தெற்கு யன்னலுக்குள் ஐப்பசி முதல் மாசி வரை வெயில் ஆழமாக வரும், வடக்கு யன்னலுக்கு வைகாசி முதல் ஆடி வரை ஓரளவு வரும். எந்தச் சுவருக்கு எதிரே யன்னல் இல்லையோ அந்தச் சுவரில் ரிவியை வையுங்கள். இரண்டு பக்கமும் யன்னல் இருந்தால் தெற்குச் சுவரில் மாட்டி, திரை வடக்குப் பார்க்க விடுவது நல்லது.

துளை போடுவதற்கு முன் ரிவியை அந்தச் சுவரோரம் ஒரு மேசையில் ஒரு நாள் முழுவதும் வைத்துப் பாருங்கள். 55 அங்குலத் திரை ஏறத்தாழ 122 சென்ரிமீற்றர் அகலம், 69 சென்ரிமீற்றர் உயரம். திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 100 முதல் 110 சென்ரிமீற்றரில் வந்தால் கதிரையில் இருப்பவரின் கண்மட்டம். கடைக்காரர்கள் பெரும்பாலும் நின்றபடி தங்கள் கண்மட்டத்துக்கு மாட்டிவிட்டுப் போவார்கள். அது கழுத்துக்கும் கேடு, கீழிருந்து பார்க்கும்போது சில பனல்களில் (படம் காட்டும் திரைத் தகடு) நிறமும் மாறும். பார்க்கும் தூரம் 2.2 மீற்றர் அளவு போதும். பழைய தரச் சனல்களை அதிகம் பார்ப்பவர்கள் 3 மீற்றர் தள்ளி இருக்கலாம்.

இடம் மாற்ற முடியாதென்றால் திருப்பக்கூடிய கை வைத்த பிறக்கற் வாங்குங்கள். திரையை 15 பாகை திருப்பினால் பிம்பம் 30 பாகை விலகும். சிறு திருப்பலுக்கே கதவு பிம்பத்திலிருந்து வெளியே போய்விடும் என்பதால் பெரிய கை தேவையில்லை. ஆனால் கை நீளும்போது சுவரில் இழுவிசை கூடும். கல் சுவரென்றால் 10 மில்லிமீற்றர் துளையும் 60 மில்லிமீற்றர் றோல் பிளக்கும் சாதாரணமாகப் போதும். உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல்லாக இருந்தால் சாதாரண றோல் பிளக் பிடிக்காது, கழன்று வரும். பொந்துச் சுவருக்கென்றே செய்த, உள்ளே விரிந்து பிடிக்கும் போல்ற் வேண்டும். தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியும்.

மேல்பக்கத்தை 3 முதல் 5 பாகை முன்னே சாய்த்தால் ரியூப் லைற்றும் கண்ணாடி ஓடும் பிம்பத்திலிருந்து மறையும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: சாய்த்த திரை இப்போது தரையைக் காட்டத் தொடங்கும். பளபளக்கும் வெள்ளை ரைல்ஸில் வெயில் விழுந்தால் கூச்சம் மேலிருந்து கீழே இடம் மாறியதுதான் மிச்சம். அந்த இடத்தில் ஒரு மங்கலான பாயையோ கம்பளத்தையோ விரித்தால் தீர்ந்தது.

வாசலுக்கு வருவோம். மெல்லிய வெள்ளைச் சீலை வெயில் பட்டதும் தானே ஒரு விளக்குப் பலகையாகி ஒளிரும். அதைப் போடாமல் விடுவதே மேல். பின்பக்கம் ஒளி புகாத துணி தைத்த, உட்பக்கம் கடும் நிறமான திரைச்சீலை எடுங்கள். கம்பி கதவு நிலைக்கு மேல் 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயரத்தில், இரு பக்கமும் 15 சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்கட்டும். அந்த ஓரக் கீற்று சிறிதாகத் தெரிந்தாலும் கறுத்த திரையில் வெள்ளைக் கோடாக விழும். காற்று வேண்டும், கதவைச் சாத்த முடியாது என்பவர்களுக்கு விறாந்தையின் வெளி ஓரத்தில் மூங்கில் தட்டியோ கிடுகுச் சார்ப்போ இறக்குவது சீலையைவிட நல்லது: வெளிச்சம் வீட்டுக்குள் வருமுன்னே தடைப்படும், சூடும் வராது, இடுக்கில் காற்றும் வரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தட்டி ஆடி அடிபடும், வெளிச்சமும் மின்னி மின்னி வரும். அடியில் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாயைக் கோத்து இரு பக்கமும் கயிற்றால் தூணில் கட்டிவிடுங்கள். காலை வெயில் நேரே திரையில் விழ விடவே கூடாது. கூச்சத்தைத் தாண்டி, பனலின் மேலிருக்கும் ஒளிவடித் தாள் சூட்டில் கெடும்.

ஃபிலிம் பற்றி என் கருத்து: 55 அங்குலத்துக்கு வீண். மங்கலாக்கும் ஃபிலிம் பிம்பத்தை அழிப்பதில்லை, கலைத்துத் திரை முழுவதும் பரப்புகிறது. கூர்மையான கதவுக்குப் பதில் திரை முழுக்க ஒரு வெண்புகை. எழுத்துகளும் சிறிது கரையும், குமிழில்லாமல் ஒட்டுவதும் அரிது. இன்னும் மோசமானது, பிள்ளைகள் அடித்துவிடாதபடி திரைக்கு முன்னால் கொழுவும் அக்ரிலிக் பலகை. அதன் முன்முகம் 4 வீதம், பின்முகம் 4 வீதம் என இன்னும் இரண்டு கண்ணாடிகளை நீங்களே காசு கொடுத்துச் சேர்க்கிறீர்கள். ரிவியோடு இலவசமாக அப்படி ஒன்று கிடைத்து அது இப்போது மாட்டியிருந்தால், இன்றே கழற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதோடு போகக்கூடும்.

கடலோர வீட்டுக்கே உரிய இன்னொன்று, திரையில் படியும் உப்பு. உப்புவெளியில், நிலாவெளியில் யன்னலைத் திறந்து வைக்கும் வீடுகளில் இரண்டு மூன்று கிழமைக்குள் மெல்லிய படலம் வந்துவிடும். இரவில் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டதும் திரை முழுவதும் பால் பூசியதுபோல மங்கும். உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. உப்புத் துணிக்கை மேற்பூச்சைக் கீறும். ரிவியை நிறுத்தி ஆறவிட்டு, முதலில் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிடுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அழுத்தாமல் மேலிருந்து கீழாகத் துடைத்து, இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பற்றறிக்கு ஊற்ற எரிபொருள் நிலையத்தில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரே போதும். அமிலப் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விடும். கண்ணாடி துடைக்கும் திரவம், ஸ்பிரிட், வினாகிரி, பத்திரிகைத் தாள் எதுவும் ஆகாது. திரையில் நேரே விசிறவும் வேண்டாம். வடியும் நீர் கீழ் விளிம்புக்குள் இறங்கினால் அங்கேதான் பனலை இயக்கும் மெல்லிய சுற்றுகள் இருக்கின்றன. துடைத்த மறுநாள் திரையில் நெடுங்கோடு வந்தது என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

இனி செற்றிங். இரவில் கறுப்பு சாம்பலானதற்குப் பெரும்பாலும் நீங்கள் ஏற்றிய அந்த 100தான் காரணம். பேக்லைற் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) என்று தனி வரி இருக்கும் ரிவிகளில் பிறைட்னஸ் என்பது திரையின் வெளிச்சமல்ல, கறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் அளவு. அதை ஏற்றினால் இருளெல்லாம் சாம்பலாகும், படம் பிரகாசமாகாது. வெளிச்சம் வேண்டுமானால் பேக்லைற்றை ஏற்ற வேண்டும். பெயர்கள் கொம்பனிக்குக் கொம்பனி மாறும்: சோனியிலும் புதிய சாம்சங்கிலும் பிறைட்னஸ் என்பதே பேக்லைற், கறுப்பின் அளவை சோனி பிளாக் லெவல் என்றும் சாம்சங் ஷடோ டீற்றெயில் என்றும் வைத்திருக்கின்றன. பெயரை நம்பாமல், ஏற்றி இறக்கும்போது கறுத்த பகுதி மட்டும் மாறுகிறதா, முழுப் படமும் மாறுகிறதா என்று பாருங்கள்.

சரிசெய்யும் வரிசை இப்படி. விவிட், டைனமிக் போன்ற மோட்டில் இருந்தால் சினிமா அல்லது மூவி மோட்டுக்கு மாற்றுங்கள். ரிவி இன்னும் கடையில் காட்சிக்கு வைக்கும் மோட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் நீங்கள் மாற்றுவதை அது சிறிது நேரத்தில் பழையபடி ஆக்கிவிடும். மின் சேமிப்பையும் அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானே குறைக்கும் சென்சரையும் நிறுத்துங்கள். பிறகு கறுத்த தலைமயிரோ கோட்டோ உள்ள காட்சியை நிறுத்திவைத்து, மயிரிழைகள் கறுப்பில் கரையும்வரை பிறைட்னஸை இறக்கி, அங்கிருந்து ஓரிரு புள்ளி ஏற்றுங்கள். அடுத்து வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டியோ சேலையோ உள்ள காட்சி: மடிப்புகள் தெரியும்வரை கொன்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள். ஷார்ப்னஸ் செய்திச் சனலின் கீழே ஓடும் எழுத்தைப் பார்த்து வைக்க வேண்டியது. எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால் அது கூர்மையல்ல, ரிவி தானாகச் சேர்த்த கோடு. விளிம்பு மறையும்வரை இறக்குங்கள். பல ரிவிகளில் 0க்குப் பக்கத்திலும், சிலவற்றில் நடுவிலும் அது மறையும். நிறத்தின் சூட்டை கூல் என்பதிலிருந்து வோர்ம் பக்கம் மாற்றினால் முதல் நாள் மஞ்சளடித்ததுபோல இருக்கும். இரண்டு நாள் பொறுங்கள். மூன்றாம் நாள் பழைய நிலைக்குப் போனால் முகமெல்லாம் நீலமாக இருந்ததை நீங்களே காண்பீர்கள்.

பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு மோட்டில் பதிந்துகொள்வது நல்ல பழக்கம். பேக்லைற் பகலில் 90, இரவில் 40 முதல் 50 என்று தொடங்கலாம். இரவும் பகலும் 100இல் ஓட்டினால், அதுவும் இந்த ஊர்ச் சூட்டில், உள்ளே இருக்கும் எல்ஈடிகள்தான் முதலில் போகும். சுவருக்கும் ரிவிக்கும் இடையே 5 சென்ரிமீற்றராவது இடைவெளி விடுங்கள்.

இரவில் அறையை முழு இருட்டாக்கவும் வேண்டாம். ரிவிக்குப் பின்னால், சுவரைப் பார்க்கும்படி மங்கலான வெள்ளை எல்ஈடிப் பட்டி ஒன்று ஒட்டினால் கறுப்பு ஆழமாகத் தெரியும், கண்ணும் களைக்காது. 6500 கெல்வின் வெள்ளை நல்லது. நிறம் மாறும் பட்டி வேண்டாம், அது படத்தின் நிறத்தைக் கண்ணுக்குத் திரித்துக் காட்டும். ரிவியின் யூஎஸ்பி வாயில் பெரும்பாலும் 0.5 அம்பியர்தான் தரும். நீளமான பட்டியென்றால் பழைய ஃபோன் சார்ஜரில் போடுங்கள்.

பக்கக் கதிரையில் நிறம் வெளிறுவது விஏ வகைப் பனலின் இயல்பு. நேரே இருந்து பார்ப்பவருக்கு 3000க்கு 1 அல்லது அதற்கும் மேலான மாறுபாட்டை (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) தரும், ஆழமான கறுப்பு. 20, 30 பாகை விலகியதும் வெளிறத் தொடங்கும். ஐபிஎஸ் என்ற மற்ற வகைப் பனல் பக்கத்திலும் நிறம் தாங்கும், ஆனால் அதன் மாறுபாடு 1000க்கு 1 அளவுதான். இருட்டறையில் கறுப்பு சாம்பலாகவே நிற்கும். உங்களுடையது பக்கத்தில் வெளிறுவதால் விஏயாக இருக்க வேண்டும், ஆகவே செற்றிங் சரியானதும் இரவுக் கறுப்பு நன்றாக வரும். கதிரைகளை வரிசையாகப் போடாமல் சற்றே உள்வளைத்துப் போடுங்கள்.

பந்து மறைவதற்கு மூன்று இடத்தில் தேடுங்கள். ஒன்று, நொய்ஸ் ரிடக்சன்: சிறிய, வேகமான வெள்ளைப் புள்ளியை அது இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும், நிறுத்துங்கள். இரண்டு, அசைவைச் சீராக்கும் மோஷன் செற்றிங்: உச்சத்தில் இருந்தால் பந்தைச் சுற்றி நீர் கலங்கியதுபோல வரும், குறைந்த அளவில் வையுங்கள். மூன்று, ரிவிக்குப் படம் அனுப்பும் சனல் பெட்டியின் வேகம். எங்கள் ஒளிபரப்பு 50 ஹேர்ட்ஸ். அன்ட்ராய்ட் பெட்டி 60 ஹேர்ட்ஸில் அனுப்பினால் ஒவ்வொரு ஐந்து படத்திலும் ஒரு படம் இரண்டு தடவை காட்டப்படும். கமரா மைதானத்தைச் சுற்றும்போது தடக்கித் தடக்கிப் போகும். பெட்டியின் டிஸ்பிளே பகுதியில் 50 ஹேர்ட்ஸைத் தெரிவு செய்யுங்கள். கமரா புல்லின் மேல் ஓடும்போது அசையாமல் நிற்கும் மங்கல் பட்டைகள் தெரிந்தால் அது பனலின் ஒளிச் சீரின்மை. எல்லா எல்சிடியிலும் கொஞ்சம் இருக்கும், செற்றிங்கால் போகாது.

சனல் மட்டும் மங்கல், யூரியூப் தெளிவு என்றால் ரிவியைக் குறை சொல்லாதீர்கள். பழைய தரப் படம் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரை 3840க்கு 2160. வந்த ஒரு புள்ளியை ரிவி இருபதாக இழுக்கிறது. பெட்டியிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் போயிருந்தால் கழற்றி எச்டிஎம்ஐ போட்டு, பெட்டியின் வெளியீட்டை 1080க்கு மாற்றுங்கள். ஸ்கோர் பலகையின் ஓரம் வெட்டுப்பட்டால் படத்தின் அளவு என்ற இடத்தில் ஜஸ்ற் ஸ்கான் அல்லது ஃபிற் ரு ஸ்கிரீன். மடிக்கணினி கொழுவினால் மட்டும் கறுப்பு வெளிறுகிறதென்றால் எச்டிஎம்ஐ பிளாக் லெவல் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை; ஒரு பக்கத்தை மாற்றிப் பாருங்கள்.

மாரியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோவது டிஷ் அலை கனமழையில் உறிஞ்சப்படுவதால். சில நிமிடத்தில் திரும்பிவிடும். மழை விட்டும் திரும்பாவிட்டால் டிஷ் தலையில் திருகும் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள், உப்பில் பச்சை பிடித்திருக்கும். வயர் முனையை வெட்டிப் புதிய இணைப்பான் போட்டு, ரப்பர் நாடாவால் இறுக்கிச் சுற்றி, வயரைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் நீர் உள்ளே ஓடாது. இடி முழக்கத்துக்கு பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றுவது ஒரு கதவைப் பூட்டி மறு கதவைத் திறந்து வைப்பது.

உண்மையான பழுது எது என்று அறிய ஒரு வழி உண்டு. படம் கெட்டிருக்கும்போது ரிமோட்டில் மெனுவைத் திறவுங்கள். கோடோ கறையோ மெனுவின் மேலாகவும் ஓடினால் பழுது ரிவிக்குள். மெனு சுத்தமாக இருந்தால் வயர், பெட்டி, டிஷ். சத்தம் வந்து படம் இல்லாவிட்டால் இருட்டில் திரைக்கு அருகே ரோர்ச் அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைற் போயிருக்கிறது. திரையில் ஆங்காங்கே வெள்ளை வட்டங்கள் என்றால் உள்ளே எல்ஈடியின் மேலிருந்த லென்ஸ் கழன்று விழுந்திருக்கிறது. இவை இரண்டும் திருத்தக்கூடியவை, ஆனால் பனலை முழுதாகத் தூக்க வேண்டும். 55 அங்குலத்தில் அது இரண்டு பேர் வேலை. தனி ஒருவர் உங்கள் ஹோல் தரையில் வைத்துக் கழற்றுகிறேன் என்றால் விட வேண்டாம். நெடுங்கோடு பெரும்பாலும் பனல் விளிம்பு இணைப்பின் பழுது. பனல் விலைக்குக் கொஞ்சம் சேர்த்தால் புதிதே வாங்கலாம்.

எல்லாம் செய்தும் பகற்படம் போதாமல் மாற்றத்தான் வேண்டுமென்றால், கடையில் ஓடும் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ரிவியை நிறுத்தச் சொல்லி, 2 மீற்றர் தள்ளி நின்று, தோள் உயரத்தில் ஃபோன் ரோர்ச்சை எரித்துத் திரையைப் பாருங்கள். பிம்பம் கூர்மையாகவும் வெள்ளையாகவும் விழுந்தால் பூச்சு இல்லை. ஊதா அல்லது பச்சை கலந்து மங்கலாக விழுந்தால் ஒளித்தடுப்புப் பூச்சு உண்டு. அதோடு ஒளிர்வு 500 நிற்றுக்கு மேல் இருக்கிறதா என்று ரிவியின் அட்டைப்பெட்டியிலோ விபரத் தாளிலோ பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.